கைமாறி வந்த சட்டங்களும் பூச்சிமருந்துக் கட்டுப்பாடும்: பிரிட்டன் கணக்கில் விடுபட்டவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உணவு, பயிர்ப் பாதுகாப்பு விதிகளில் பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் மறுபடி ஒன்றுசேர்வது பற்றிய செய்திகளில், ‘பிரெக்சிட்டின்போது தூக்கியெறிந்த ஐரோப்பியச் சட்டங்களை பிரிட்டன் திரும்ப ஏற்கிறது’ என்ற பொருளில் ஒரு வரி அடிக்கடி வருகிறது. பூச்சிமருந்து விஷயத்தில் இது சரியல்ல. பிரிட்டன் எதையும் தூக்கியெறியவில்லை. 2020 டிசம்பர் 31 இரவு 11 மணிக்கு பிரெக்சிட்டுக்குப் பிந்தைய இடைக்காலம் முடிந்தபோது, அன்று நடப்பில் இருந்த ஐரோப்பிய விதிகளை அப்படியே படியெடுத்துத் தன் நாட்டுச் சட்டமாக்கிக்கொண்டது. அதற்கு வழிசெய்தது 2018ஆம் ஆண்டின் விலகல் சட்டம். பிரச்சினை படியெடுத்ததில் இல்லை. படியெடுத்ததை அதன்பின் எப்படித் திருத்தினார்கள், எதைத் திருத்தாமலே செயலிழக்க விட்டார்கள் என்பதில்தான் இருக்கிறது. நீலகிரியிலிருந்து அங்கே தேயிலை அனுப்புகிறவர்களுக்கும், புதிய பூச்சிமருந்துச் சட்டத்துக்குக் காத்திருக்கும் நமக்கும் இதில் தெரிந்துகொள்ள வேண்டியது உண்டு என்பதால் இக்கடிதம் சற்று நீள்கிறது. பொறுத்தருள்க.

கைமாறி வந்தது ஒற்றைச் சட்டம் அல்ல, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு கூட்டம். எந்த மருந்தை விற்கலாம் என்று சொல்வது 1107/2009 எண் விதி. உணவில் எவ்வளவு மருந்து எச்சம் இருக்கலாம் என்பது 396/2005. பதிவுக்கு என்னென்ன ஆய்வுத் தரவு தர வேண்டும் என்பது 283/2013, 284/2013. அந்தத் தரவை வைத்து எப்படி முடிவெடுப்பது என்பது 546/2011. தெளிப்பவருக்குப் பயிற்சி, தெளிப்பான் பரிசோதனை, வான்வழித் தெளிப்புக்குக் கட்டுப்பாடு ஆகியவை 2009/128 உத்தரவிலிருந்து வந்தவை. அவை 2012இலேயே பிரிட்டிஷ் விதிகளாகிவிட்டன.

இவற்றில் செய்தியில் அடிபடுவது முதல் இரண்டு மட்டுமே. ஆனால் பிடி இருப்பது பிற்சேர்க்கைகளில். 546/2011இல் சில எண்கள் உண்டு. ஒரு மருந்து தேனீக்கு ஆபத்தா என்று பார்க்க, ஹெக்டேருக்கு எத்தனை கிராம் தெளிக்கிறோம் என்பதை, ஒரு தேனீயைக் கொல்லும் சராசரி அளவால் (மைக்ரோகிராமில்) வகுக்க வேண்டும். விடை 50ஐத் தாண்டினால் அனுமதி இல்லை. ஹெக்டேருக்கு 100 கிராம் தெளிக்கும் மருந்து 1 மைக்ரோகிராமில் தேனீயைக் கொல்லுமானால் விடை 100. அந்த மருந்து அங்கேயே நின்றுவிடும். வயல் சோதனை நடத்தி, தேன்கூட்டுக்குக் கேடில்லை என்று நிறுவனம் நிரூபித்தால்தான் மேலே போகலாம். மீனுக்கு வேறு எண்: உடனடி நச்சு அளவு, நீரில் சேரக்கூடிய அளவைப்போல் 100 மடங்காவது இருக்க வேண்டும். பறவைக்கு 10 மடங்கு. நிலத்தடி நீரில் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் என்பது இன்னொரு கோடு. தேனீக்கான எண்ணை யாராவது 50லிருந்து 80 ஆக்கினால் எந்த மருந்தும் ‘அனுமதிக்கப்பட்டது’ என்று தலைப்புச் செய்தி வராது. அடுத்த சில ஆண்டுகளில் வரும் விண்ணப்பங்கள் சத்தமில்லாமல் தேறிவிடும்.

இதேபோல 1107/2009இன் இரண்டாம் பிற்சேர்க்கையில் இருப்பவை ‘வெட்டுக்கோடுகள்’. மனிதருக்குப் புற்றுநோய் தரும், மரபணுவைச் சிதைக்கும், இனப்பெருக்கத்தைக் கெடுக்கும் என்று மேல்நிலையில் வகைப்படுத்தப்பட்ட வேதிப்பொருளும், ஹார்மோன் இயக்கத்தைக் குலைக்கும் பொருளும், (மரபணுவைச் சிதைப்பவை தவிர மற்றவற்றில்) மனிதர்மேல் படும் அளவு புறக்கணிக்கத்தக்கது என்று காட்டினாலொழிய, பயன்பாட்டு அளவு பற்றிய வாதத்துக்கே இடமில்லாமல் நிராகரிக்கப்படும். ‘குறைவாகத் தெளித்தால் பரவாயில்லை’ என்ற பேச்சு இங்கே செல்லாது. தொழில் தரப்புக்கு இந்த விதி மேல்தான் நெடுநாள் கோபம். அமெரிக்காவில் இப்படி ஒரு கோடு இல்லை என்பதால், வணிக ஒப்பந்தப் பேச்சு வரும்போதெல்லாம் முதலில் தட்டப்படும் கதவும் இதுவே.

படியெடுப்பதே எவ்வளவு சறுக்கலானது என்பதற்கு 2019 சாட்சி. ஐரோப்பிய விதிகளில் ‘ஆணையம்’ என்று இருக்கும் இடமெல்லாம் பிரிட்டிஷ் அமைச்சரையும் அதிகார அமைப்பையும் போட்டுத் திருத்த வேண்டும். நூற்றுக்கணக்கான சொல் மாற்றங்கள். அப்படித் தயாரித்த திருத்த விதியில் ஹார்மோன் குலைப்பிகளுக்கான தடை வாசகம் காணாமல் போயிருந்தது. சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் வணிகக் கொள்கை ஆய்வாளர்கள் வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் அது வெளியே வந்தது. எழுத்துப் பிழை என்று சொன்ன அரசு, அதே ஆண்டு இன்னொரு திருத்தம் போட்டுச் சரிசெய்தது. கெட்ட எண்ணம் என்று யாரும் நிரூபிக்கவில்லை. வேலைப் பளு என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அந்தப் பிழை நாடாளுமன்றத்தைக் கடந்துவிட்டது என்பது உண்மை. இத்தகைய துணை விதிகளை நாடாளுமன்றம் முழுமையாக ஏற்கலாம் அல்லது நிராகரிக்கலாம். ஒரு வரியைத் திருத்த முடியாது.

சொல் மாற்றத்தில் பிழையில்லாமல் போனதும் ஒன்று உண்டு. ஐரோப்பாவில் ஒரு நாடு மதிப்பிடும், உணவுப் பாதுகாப்பு முகமை மற்ற நாடுகளின் கருத்தோடு அதைத் தட்டிப் பார்க்கும், பிறகு ஆணையமும் நாடுகளின் குழுவும் முடிவெடுக்கும். பெயர்ச்சொற்களை மாற்றியதும் இந்த மூன்று படிகளும் ஒரு வீட்டுக்குள் வந்துவிட்டன. மதிப்பிடுவது எச்.எஸ்.இ. என்ற சுகாதார, பாதுகாப்பு நிர்வாக அமைப்பு, முடிவெடுப்பவர் அமைச்சர். நிபுணர் குழு ஆலோசனை சொல்லலாம், தடுக்க முடியாது.

அடுத்து வந்ததுதான் பெரிய கலக்கம். 2022 செப்டம்பரில் கொண்டுவரப்பட்ட மசோதா, தக்கவைத்த ஐரோப்பியச் சட்டங்களில் அமைச்சர்கள் கைதூக்கிக் காப்பாற்றாதவை எல்லாம் 2023 டிசம்பர் 31 அன்று தானாகவே சாகும் என்றது. எத்தனை சட்டங்கள் என்று அரசுக்கே தெரியவில்லை. முதலில் சுமார் 2,400 என்றார்கள். பிறகு எண்ணிக்கை 4,800ஐத் தாண்டியது. சுற்றுச்சூழல், உணவு, ஊரக விவகாரத் துறையின் பங்கு மட்டும் 570இலிருந்து 1,781ஆக உயர்ந்தது. வீட்டில் என்னென்ன சாமான் இருக்கிறது என்று தெரியாமல், ‘பெயர் எழுதி ஒட்டாதது எல்லாம் குப்பைக்குப் போகும்’ என்று நாள் குறித்த கதை இது.

பூச்சிமருந்தில் இது ஏன் மற்ற துறைகளைவிட ஆபத்து? இங்கே சட்டம் என்பது பூட்டு. ‘அனுமதி பெறாத பயிர்ப் பாதுகாப்பு மருந்தை விற்கவோ பயன்படுத்தவோ கூடாது’ என்கிறது 1107/2009இன் 28ஆம் பிரிவு. சட்டம் மறைந்தால் அனுமதி முறை மட்டுமல்ல, அந்தத் தடையும் அதோடு போகும். அதுவும் மொத்தமாகப் போனால் எல்லோருக்கும் தெரியும். துணை விதி ஒன்று மட்டும் விடுபட்டுப்போனால், முதன்மைச் சட்டம் ‘அந்த விதியின்படி மதிப்பிடுக’ என்று இல்லாத ஒன்றைச் சுட்டிக்கொண்டு நிற்கும்.

எதிர்ப்பு வலுக்கவே 2023 மே மாதம் அரசு பின்வாங்கியது. தானாகச் சாவது என்பது போய், 587 சட்டங்களின் பட்டியல் போட்டு அவற்றை மட்டும் நீக்குவது என்றானது. முக்கியமான பூச்சிமருந்துச் சட்டங்கள் அதில் இல்லை. 2023 ஜூன் 29 அன்று மசோதா சட்டமானது. ‘ஆபத்து நீங்கியது’ என்று பலர் எழுதியதும் அப்போதுதான். நீங்கவில்லை. அதன் 14ஆம் பிரிவு, இந்தச் சட்டங்களைத் துணை விதி வழியாகவே நீக்கவோ மாற்றி எழுதவோ 2026 ஜூன் 23 வரை அமைச்சருக்கு அதிகாரம் தந்தது. கூடவே ஒரு நிபந்தனை: அந்தத் துறையில் செய்யும் மாற்றங்களின் மொத்த விளைவு ‘ஒழுங்குமுறைச் சுமையை’ கூட்டக் கூடாது. சுமை என்றால் எது? செலவு, நிர்வாகச் சிரமம், வணிகத்துக்கோ புதுமைக்கோ தடை, லாபத்துக்கு இடையூறு, தண்டனை எல்லாமே சுமைதான். காட்டுத் தேனீக்களிலும் நீண்டகால நச்சுச் சோதனை வேண்டும் என்று புதிதாகச் சேர்த்தால் அது நிறுவனத்துக்குச் செலவு. ஆகவே அதே துறையில் வேறொன்றைத் தளர்த்திக் கணக்கை நேர்செய்ய வேண்டும். பாதுகாப்பை இறக்குவதற்கு இந்த நிபந்தனை குறுக்கே வராது, ஏற்றுவதற்கு வரும். பிரிட்டனில் எந்த மருந்துக்குத் தடை, எதற்கு அனுமதி என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இந்த ஒருவழிக் கதவைக் கவனிக்கவில்லை.

2023 இறுதியில் இன்னொன்றும் நடந்தது. ஐரோப்பியச் சட்டத்தின் மேலாண்மையும் அதன் பொதுக் கோட்பாடுகளும் பிரிட்டனில் செல்லாதவையாயின. சட்டங்களின் பெயரும் ‘உட்கிரகித்த சட்டம்’ என்று மாறியது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடு தப்பியது ஒரு தற்செயல் போலத்தான்: 1107/2009 தன் முதல் பிரிவிலேயே அதை எழுதி வைத்திருக்கிறது. பொதுக் கோட்பாடாக அது போய்விட்டாலும் வாசகமாக நிற்கிறது. நாளை வாசகத்தைத் திருத்தினால் தாங்கிப் பிடிக்கப் பின்னால் அந்த ஐரோப்பியப் பொதுக் கோட்பாடு இல்லை.

ஒரே வாசகம் இரண்டு இடத்தில் எப்படி வேறு பொருள் கொள்கிறது என்பதைத் தயாமீத்தாக்சம் விவகாரம் காட்டுகிறது. தயாமீத்தாக்சம், குளோத்தியானிடின், இமிடாகுளோபிரிட் ஆகிய மூன்று நியோனிக்கோட்டினாய்டு (பூச்சியின் நரம்பைத் தாக்கும்) மருந்துகளையும் திறந்தவெளியில் பயன்படுத்த 2018இல் ஐரோப்பா தடை விதித்தது. பிரிட்டனும் அப்போது அதற்குள்தான் இருந்தது. ஆனால் 53ஆம் பிரிவின்படி நெருக்கடியில் 120 நாள் வரை அவசர அனுமதி தரலாம். சர்க்கரை எடுக்கும் பீட்கிழங்கில் அசுவினிப் பூச்சி பரப்பும் மஞ்சள் வைரஸ் நோய்க்காக, தயாமீத்தாக்சம் கொண்டு விதை நேர்த்தி செய்ய பல ஐரோப்பிய நாடுகளும் இந்த வழியில் போயின. பெல்ஜியத்திலிருந்து வந்த வழக்கில் 2023 ஜனவரி 19 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், தடை செய்யப்பட்ட மருந்தில் நேர்த்தி செய்த விதைக்கு அவசர அனுமதியே தர முடியாது என்று தீர்ப்பளித்தது. நான்கு நாள் கழித்து, ஜனவரி 23 அன்று, பிரிட்டன் அதே மருந்துக்கு அனுமதி தந்தது. சட்ட வாசகம் இரண்டு இடத்திலும் ஒன்றே. 2020க்குப் பிந்தைய தீர்ப்பு பிரிட்டனைக் கட்டுப்படுத்தாது, அவ்வளவுதான்.

பிரிட்டிஷ் முறையில் ஒரு நல்ல அம்சமும் இருந்தது, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. நோய் எவ்வளவு பரவும் என்று முன்கணிப்பு செய்து, ஒரு வரம்பைத் தாண்டினால் மட்டுமே நேர்த்தி செய்த விதையை விதைக்கலாம். 2021இல் குளிரில் அசுவினி மடிந்து, கணிப்பு 9 சதவீத வரம்புக்குக் கீழே நின்றதால் மருந்து பயன்படவில்லை. வரம்பும் 2022இல் 19, 2023இல் 63, 2024இல் 65 சதவீதம் என்று இறுகியது. ஆனாலும் அந்த மூன்று ஆண்டுகளிலும் கணிப்பு வரம்பைத் தாண்டியது, மருந்து பயன்பட்டது. 2023இல் நிபுணர் குழு ஆதரிக்கவில்லை, அமைச்சர் கையெழுத்திட்டார். 2025 ஜனவரியில் புதிய அரசு மறுத்தது. நான்கு அனுமதி, ஒரு மறுப்பு, இடையில் சட்டத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை.

காலக்கெடு விஷயம் இன்னும் சத்தமில்லாதது. ஐரோப்பிய முறையில், மருந்தில் வேலை செய்யும் வேதிப்பொருளுக்குப் பொதுவாக நிரந்தர அனுமதி கிடையாது. முதல் முறை வழக்கமாக அதிகபட்சம் 10 ஆண்டு. புதுப்பித்தால் 15 ஆண்டுக்கு மிகாமல். காலம் முடிவதற்குள் நிறுவனம் புதிய தரவு கொடுத்துத் தேற வேண்டும். அந்தக் கடிகாரம்தான் பழைய மருந்துகளை வெளியே தள்ளுகிறது. பிரிட்டன் தனியாகப் போனதும் மதிப்பீட்டாளர் போதாமல், 2023 இறுதிக்குள் முடிய இருந்த அனுமதிகளுக்கெல்லாம் மூன்றாண்டு நீட்டிப்பு தானாகவே கிடைத்தது. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை எடுத்துக்கொள்வோம். அதன் அனுமதி 2022 டிசம்பர் 15இல் முடிய வேண்டும். ஐரோப்பா ஓராண்டு தள்ளிப்போட்டு, மதிப்பிட்டு, சர்ச்சையோடு 2033 வரை புதுப்பித்தது. அந்த முடிவு சரியா தவறா என்பது வேறு வாதம். முடிவு என்று ஒன்று எடுத்தார்கள். பிரிட்டனிலோ 2025 டிசம்பர் ஆகி, பிறகு 2026 டிசம்பர் ஆனது. ஐரோப்பாவிலும் நீட்டிப்பு உண்டு, தாமதம் உண்டு. ஆனால் அங்கே விதிவிலக்காக இருந்தது இங்கே நடைமுறையாகிவிட்டது. பூச்சிமருந்துப் பயன்பாட்டுக்கான தேசியச் செயல்திட்டத்தின் கதையும் அதுவே: 2013இல் வந்த திட்டத்தை ஐந்தாண்டில் புதுப்பிக்க வேண்டும் என்பது கைமாறி வந்த கடமை, புதியது வெளியானது 2025 மார்ச்சில்.

இனி எச்ச அளவு. நம் ஊருக்கு நேரடியாகத் தொடர்புள்ளது இதுதான். ஐரோப்பாவில் ஒரு உச்சவரம்பை மாற்ற ஆணையம் விதி வெளியிட வேண்டும், நாடுகளின் குழு வாக்களிக்க வேண்டும், நாடாளுமன்றம் மறுக்கவும் முடியும். பிரிட்டனில் அந்த வரம்புகள் எச்.எஸ்.இ. வெளியிடும் பதிவேட்டுக்கு மாற்றப்பட்டன. அமைச்சர்கள் ஒப்புக்கொண்டால் பதிவேட்டில் எண் மாறும். சட்டத் திருத்தம் தேவையில்லை. வேகமானது, மலிவானது, கண்ணில் படாதது. சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் அளவுகளைப் பிரிட்டன் பல இடங்களில் அப்படியே எடுத்துக்கொண்டது. தேயிலையில் குளோரான்ட்ரானிலிப்ரோல், பாஸ்கலிட் என்ற இரண்டு மருந்துகளின் வரம்பும் 4,000 மடங்கு உயர்ந்ததாகப் பூச்சிக்கொல்லிச் செயல் வலையமைப்பின் பிரிட்டன் கிளை 2024இல் காட்டியது. மிரள வைக்கும் எண்தான்; ஆனால் பழைய எண் பெரும்பாலும் ‘அளக்க முடிந்த மிகச் சிறிய அளவு’ என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். உயர்த்தியதாலேயே அந்தத் தேநீர் நஞ்சு என்று ஆகிவிடாது.

ஐரோப்பா எதிர்த்திசையில் போனது. தேனீக்கள் உலகம் முழுக்க அழிகின்றன என்பதைக் காரணம் காட்டி, தயாமீத்தாக்சம், குளோத்தியானிடின் இரண்டின் எச்ச வரம்பையும் அளக்கக்கூடிய மிகக் குறைந்த அளவுக்கு இறக்கியது (2023/334 எண் விதி, 2026 மார்ச் 7 முதல் அமல்). நுகர்வோர் உடல்நலத்துக்காக அல்லாமல், விளையும் நாட்டின் தேனீக்காக எச்ச வரம்பு குறைக்கப்பட்டது. தேயிலைக்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்று இருந்த தயாமீத்தாக்சம் வரம்பு 0.05க்கு வந்துவிட்டது. பிரிட்டன் இதைப் பின்தொடரவில்லை.

2025 மே 19 அன்று இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பொதுப் புரிதலின்படி வரவிருக்கும் உணவு, பயிர்ப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் பூச்சிமருந்து விதியும் சேரும். ஐரோப்பா மாற்றினால் பிரிட்டனும் மாற்ற வேண்டும். அப்படியானால் லண்டனுக்கு ஒரு தரம், ஹாம்பர்க்குக்கு ஒரு தரம் என்று பிரித்து அனுப்பும் வசதி போய்விடும். இதன் சிக்கல் தோட்டத்தில் இல்லை, தொழிற்சாலையில் இருக்கிறது. ஒரு கிலோ தூளுக்கு நாலு, நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். நீர் வற்றுவதால் எச்சமும் செறியும். சிறு விவசாயிகளின் கொழுந்து ஒரே வாட்டுத் தொட்டியில் கலக்கிறது. வந்த கொழுந்தில் 5 சதவீதம் மட்டும், தூளாகும்போது கிலோவுக்கு 1 மில்லிகிராம் எச்சம் காட்டக்கூடியதாக இருந்தால் போதும், மற்ற 95 சதவீதம் சுத்தமாக இருந்தாலும் மொத்தச் சரக்கும் 0.05இல் நிற்கும். தெளிப்புக்கும் பறிப்புக்கும் இடையே விடும் நாள் கணக்கை நீட்டுவது 20 மில்லிகிராம் வரம்புக்குப் போதும், 0.05க்குப் போதாது. மருந்தையே மாற்ற வேண்டும், அதுவும் கொழுந்து தரும் ஒவ்வொருவரும். ஏற்றுமதியாளர்கள் கப்பலேறும் முன் செய்யும் பரிசோதனையை, கொழுந்து வாங்கும் இடத்துக்கே இறக்கினால்தான் காரணமானவரைக் கண்டுபிடிக்க முடியும்.

கடைசியாக, நம் சட்டம். 1958இல் பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லி கலந்த உணவுப்பொருளால் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்ததன் தொடர்ச்சியாக வந்தது 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிகள் சட்டம். அதை மாற்ற 2008, 2020 ஆண்டுகளில் வந்த மசோதாக்கள் சட்டமாகவில்லை. மறுபடி வரைவு வந்திருக்கிறது. தண்டனைத் தொகை எவ்வளவு, போலி மருந்துக்குச் சிறை எத்தனை ஆண்டு என்பதில்தான் விவாதம் ஓடுகிறது. நம் சட்டத்தின் 9(3) பிரிவில் பதிவு பெற்ற மருந்துக்குக் காலாவதி தேதியே இல்லை. அந்தக் கடிகாரம் இல்லாததால்தான், மற்ற நாடுகள் தடுத்த 66 மருந்துகளைப் பார்க்க 2013இல் தனியாக ஒரு குழு போட வேண்டியிருந்தது. அதன் பலனாக 18 மருந்துகளுக்குத் தடை ஆணை வந்தது 2018இல். மாநில அரசு 27ஆம் பிரிவில் 60 நாள் தடுத்து வைக்கலாம், அதற்குமேல் 30 நாள் நீட்டிக்கலாம். மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட ஆறு மருந்துகளைத் தமிழக அரசு நிறுத்தி வைத்தது இந்த அதிகாரத்தில்தான்.

எனவே வரைவு பற்றி எழுதும்போது, அதன் கடைசிப் பக்கத்தில் ‘நீக்கமும் காப்பும்’ என்று வரும் பிரிவைத் தங்கள் நிருபர்கள் முதலில் பார்க்க வேண்டுகிறோம். பழைய சட்டத்தில் தந்த பதிவுச் சான்றுகள் ‘இச்சட்டத்தின்கீழ் தரப்பட்டதாகக் கருதப்படும்’ என்று அங்கே ஒரு வரி இருக்கும். அதற்கு அடுத்து ஒரு தேதி இருக்கிறதா? எத்தனை ஆண்டுக்குள் புதிய தரவு தர வேண்டும் என்று இருக்கிறதா? இல்லையென்றால் 1970களின் ஆய்வுத் தாளை வைத்துப் பெற்ற சான்று, புதிய சட்டத்தின் பெயரில் முன்போலவே செல்லுபடியாகும்.

இப்படிக்கு,
பூச்சிமருந்துப் பதிவிலும் எச்சப் பகுப்பாய்விலும் பணியாற்றும் வாசகர்கள்,
குன்னூர்.